கழுத்துக்கு விட்ட ஒரு நூல்

எங்கள் வீட்டு வளவில் இரும்பு கடைகிற லேத் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டுவது நான்தான். இந்த இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதவே எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது. எழுதிவிட்டு, யாராவது பின்னால் நின்று வாசிக்கிறார்களா என்று இப்போதும் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் ஊரான ஏறாவூரில் என்னை வாய்க்காரி என்பார்கள். மீன்காரன் தராசைச் சரித்துப் பிடித்தால் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துகிறவள் நான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

வீடு என் பேரில் இருக்கிறது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார்; என் வீட்டுக்காரரும் ஒரு பெட்டியோடு வந்தார். மாமி மகன் என்பதால் கலியாணத்துக்கு முன்னும் மச்சான், பின்னும் மச்சான். வாப்பாவின் தறிகள் நின்ற கொட்டில் அப்போது சும்மா கிடந்தது. மச்சான் கட்டாரில் ஒரு பட்டறையில் வேலை பழகித் திரும்பியதும், பழைய லேத் ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் கொட்டிலில் இறக்கினார். தோணி என்ஜின்களுக்குத் தண்டு, அரிசி மில்லுக்குப் புல்லி, உழவு மெசினுக்குப் புஷ் என்று வேலைக்குக் குறைவிருக்கவில்லை. வாழைச்சேனைக்கு அப்பாலிருந்தெல்லாம் அவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

பிறகு அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்தது. காலில் வராமல் கண்ணில் வந்தது. முதலில் அளவுகோலின் சின்னக் கோடுகள் தெரியவில்லை. "இதப் படிச்சுச் சொல்லு புள்ள" என்று என்னைக் கூப்பிடுவார். அடுப்பில் கறியை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் படித்துச் சொல்வேன். அடுத்ததாக, கட்டர் இரும்பைத் தொடுகிற இடம் தெரியவில்லை. அதையும் நான் பார்த்துச் சொன்னேன். சொல்லிச் சொல்லி ஒருநாள் கைப்பிடியை நானே பிடித்தேன். தன் கையை என் கைக்கு மேல் வைத்து, எவ்வளவு மெதுவாகத் தள்ள வேண்டும் என்று பழக்கினார். கொஞ்சக் காலத்தில் அவருடைய கை தேவைப்படவில்லை. எனக்கு அது வசமாகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, பிடித்தும் விட்டது.

கொட்டிலைக் குறுக்கே மறித்து ஒரு திரை போட்டோம். திரைக்கு முன்னால் அவர் கதிரையில் இருப்பார். பின்னால் நான் முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு, சட்டைக் கைகளைச் சுருட்டிவிட்டு லேத்தில் நிற்பேன். ஆட்கள் வந்தால் அவர் சாமானை வாங்கிக்கொண்டு உள்ளே வருவார். நான் கடைந்து முடிக்கும் வரை பக்கத்தில் நிற்பார். வெளியே போகும் முன் கொஞ்சம் கிறீஸ் எடுத்து அவருடைய விரல்களில் நான் பூசிவிடுவேன். அதைத் துணியில் துடைத்தபடி வெளியே போவார். "காக்காட கைக்கு இந்தப் பக்கத்தில ஆளில்ல" என்பார்கள்; எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவது. திரைக்குப் பின்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். பெருமையா வெட்கமா என்று கேட்டால், இரண்டும்தான் என்று சொல்வேன்.

எல்லாம் அவருடைய மானத்துக்காக என்று என் மனதுக்குச் சொல்லி வைத்திருந்தேன். கண் தெரியாத மனிதர் என்று தெரிந்தால் ஒரு தோணிக்காரன்கூட இந்த வாசலை மிதிக்க மாட்டான். ஊர் முழுக்க மதித்த மனிதர் வீட்டு மூலையில் குந்திக்கொண்டு, யாராவது தேத்தண்ணி கொடுத்தால் குடிக்கிற ஆளாகிவிடுவார். அதற்கு நான் விடுவேனா?

இப்படி இருக்கும்போதுதான் மட்டக்களப்பு டவுனிலிருந்து ஒரு தொழினுட்பப் பாட ஆசிரியரும் அவருடைய மாணவி ஒருத்தியும் வந்தார்கள். கொழும்பில் பள்ளிக்கூடங்களுக்கு இடையே ரோபோப் போட்டியாம். ரோபோ சில்லுகளில் உருண்டு ஓட வேண்டும்; ஓடிக்கொண்டே தலையை மட்டும் கூடைப் பக்கம் திருப்பிப் பந்து எறிய வேண்டும். அந்தத் தலையைத் தாங்கிச் சுற்றுகிற பாகத்தைச் செய்து தர வேண்டும் என்று கேட்டார்கள். கடைகளில் அப்படி ஒரு சாமான் விற்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக்கில் அச்சடித்துப் பார்த்திருக்கிறார்கள், அது நெளிந்துவிட்டது.

"இதுக்கு டரட் எண்டு சொல்றது காக்கா" என்றார் ஆசிரியர்.

மச்சான் கதிரையில் நிமிர்ந்தது எனக்குத் திரை இடுக்கால் தெரிந்தது. "ஆமி டாங்கிக்கு மேல பீரங்கியோட சுத்துமே, அதுவா சேர்?"

"பேர் அதான். இது பந்து எறியிறதுக்கு."

"பந்தோ பலகாரமோ, அந்தப் பேர் இந்த வாசல்ல வேணாம் சேர். நாங்க சோனக ஆக்கள், முஸ்லிம் எண்டாலே சந்தேகப்படுற காலம். லேத் பட்டறையில டரட் செய்றாங்க எண்டு ஒருத்தன் வாயில விழுந்தாக் காணும், நாளைக்குப் பொலிஸ் ஜீப் வந்து நிக்கும். பிறகு பந்து எண்டு நான் யாருக்கு விளங்கப்படுத்துற?"

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள். "அப்ப என்னெண்டு சொல்லுவம் அங்கிள்?"

"கழுத்து எண்டு சொல்லுங்க. தலையைத் திருப்புறது கழுத்துத்தானே?"

அன்றிலிருந்து அது கழுத்து. இரண்டு துண்டுகள்தான்: ரோபோவின் உடம்போடு பூட்டுகிற அலுமினிய வளையம் ஒன்று, அந்த வளையத்துக்குள் இறங்கிச் சுற்றுகிற தட்டு ஒன்று. பிள்ளை வரைந்து கொண்டுவந்த படத்தைக் கதிரைப் பக்கம் நீட்டினாள். மச்சான் அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தலையாட்டினார். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தது இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. நல்லவேளை, அவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

போகப் போனவர்கள் வாசலில் நின்று இன்னும் ஏதோ சொன்னார்கள். பாணும் பணிசும் விற்கிற பாண்காரனின் ஓட்டோ அந்த நேரம் பார்த்துத்தானா எங்கள் கடப்படியில் வந்து நிற்க வேண்டும்? அது போடுகிற பாட்டுச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை விரல்களைக் கூட்டி மச்சானுக்கு எதையோ காட்டினாள். அவர் ஓம் ஓம் என்று தலையை ஆட்டினார்.

உள்ளே வந்து படத்தை என்னிடம் தந்தார். "வளையத்திர ஓட்டையும் தட்டும் ஒரே அளவா வரைஞ்சிட்டாங்களாம். அப்படியே செஞ்சா உள்ளுக்க இறங்காது. ஓட்டையை ஒரு நூல் கூட விடட்டாம்."

"ஒரு நூலா?"

பட்டறைக் கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மேசனும் தச்சனும் லேத்காரனும் அந்தக் கணக்கில்தான் கதைப்பார்கள். நாலு நூல் என்றால் அரை அங்குலம். கதவு நிலைக்கு ஒரு நூல் விட்டால் பரவாயில்லை. ஒன்றுக்குள் ஒன்று சுற்றுகிற சாமானுக்கு ஒரு நூல் விட்டால் அது சுற்றாது, தள்ளாடும்.

"கூடிப்போகும் மச்சான். வடிவாக் கேட்டீங்களா?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அந்தப் புள்ள தன்ட வாயால சொன்னதைத்தானே சொல்றன். எனக்குக் கண்தான் மங்கல். காதுக்கு ஒண்டுமில்ல."

கண் என்ற சொல்லை எடுத்துவிட்டார் என்றால் அதற்கு மேல் நான் வாய் திறப்பதில்லை. ஆசிரியரின் நம்பர் போனில் இருந்தது. எடுத்துக் கேட்டிருக்கலாம். என் குரல் கேட்டால், நீங்கள் யார், உங்களுக்கு என்னத்துக்கு இந்த அளவு என்று கேட்பாரே! அதற்கு நான் என்ன சொல்வது? இடையில் ரப்பர் ஏதும் போடுவார்களாக்கும், பேரிங் குண்டு போடுவார்களாக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தறிக்காரன் மகள் நான். நூல் என்றால் தைக்கிற நூல், நெய்கிற நூல் என்று உலகத்திலேயே முதலில் எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? தோன்றவில்லை. பட்டறைக்காரி ஆகிவிட்ட கெப்பர் தலைக்கேறி, வாப்பாவின் நூல் மறந்துபோய்விட்டது.

ஒரு நூல் விட்டுத்தான் கடைந்தேன். அலுமினியம் சுருள் சுருளாகக் கழன்று விழ, வளையம் பளபளவென்று வந்தது. தட்டின் விளிம்பில் விரலை ஓட்டினால் வழுக்கியது. அவ்வளவு வடிவாக நான் அதுவரை ஒன்றும் செய்ததில்லை. ஆசிரியர் தனியாக வந்து வாங்கிப் போனார். "கடைச் சாமான் மாதிரி இரிக்கி காக்கா" என்றார். மச்சான் கிறீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, "புள்ளைகளுக்குச் செய்றதைச் சரியாச் செய்யணும் சேர்" என்றார்.

அவர்கள் கொழும்புக்குப் போவதற்கு முதல் நாள், நான் லேத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். வாசலில் ஓட்டோ வந்து நின்ற வேகத்திலேயே நல்லதுக்கில்லை என்று விளங்கியது. ஆசிரியரும் பிள்ளையும் ரோபோவை இரண்டு பக்கமும் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். மச்சானுக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் பனிச்சங்கேணித் தோணிக்காரர் ஒருவர் இருந்தார். தண்டுக்கு உறையாகப் போடுகிற புஷ் செய்ய நைலோன் கட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். அவரையும் கொண்டுவந்து அன்றைக்கே இருத்தினானே இறைவன் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்தேன்.

ஆசிரியர் சலாமும் சொல்லவில்லை, சுகமும் கேட்கவில்லை. ரோபோவை நிலத்தில் வைத்தார். "புள்ள, திருப்பிக் காட்டு" என்றார். பிள்ளை கையிலிருந்த பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். கழுத்து திரும்பத் தொடங்கி, பாதியில் ஒரு பக்கம் சரிந்து, தட்டைத் திருப்புகிற பற்சக்கரம் கடகடவென்று கழன்று சுற்றியது. ஆடுகிற பல் மாதிரி அந்த அழகான தட்டு என் வளையத்துக்குள் ஆடியது. 

"அதிபர், பெற்றார் எல்லாருக்கும் முன்னால நேத்து ஓட்டிக் காட்டினம்" என்றார் ஆசிரியர். "பந்து கூடைக்குப் போகல்ல. அதிபர்ர தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள போய் விழுந்திச்சு. சபையே சிரிச்சிது. இந்தப் புள்ள மேடையில நிண்டு அழுதது. நாளைக்குக் கொழும்புக்குப் போகணும். இத வச்சுக்கொண்டு என்னத்துக்குப் போற? இவ்வளவு இடைவெளியை யாராவது விடுவாங்களா காக்கா?"

மச்சான் எழுந்து நின்றார். சத்தம் போட்டவர்களுக்கு முன்னால் அவர் அப்படி எழுந்து நிற்கிற ஆளே இல்லை. "ஒரு நூல் எண்டுதானே சேர் சொன்னீங்க. ஒரு நூல்தான் விட்டிரிக்கி."

"இதுவா ஒரு நூல்?" பிள்ளையின் குரல் உடைந்திருந்தது. "நான் கையாலயும் காட்டினேன்தானே அங்கிள்." தன் புத்தகப் பையின் ஓரத்தில் பிரிந்து தொங்கிய நூல் ஒன்றை வெடுக்கென்று பிய்த்தாள். அதை இரண்டு விரலால் பிடித்து அவருக்கு முன்னால் நீட்டினாள். "இந்தளவு. இதத்தான் நான் நூல் எண்டு சொன்னன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஐயோ, நூல்! தைக்கிற நூல்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் அதை நினைக்க நேரமில்லை. மச்சான் கையை நீட்டிவிட்டார்.

நூல் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, வெறுங்காற்றில், அவருடைய பெருவிரலும் சுட்டுவிரலும் கூடின. இல்லாத நூலைப் பிடித்துக்கொண்டு, பார்ப்பது போல முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், "ஓ, இதா…" என்றார்.

 பிள்ளை தன் கையிலேயே இருந்த நூலையும் அவருடைய விரல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். தோணிக்காரர், "காக்கா…" என்று தொடங்கி அதோடு நிறுத்திவிட்டார். யா அல்லாஹ், அந்த விரல்கள் இன்னும் சேர்ந்தே இருந்தன. அவர் விடவில்லை. தான் பிடித்திருப்பது நூல்தான் என்று அவர் நம்பிக்கொண்டு நின்றார்.

"காக்கா, உங்களுக்குக் கண் தெரியாதா?" என்று ஆசிரியர் கேட்டார். கேட்ட விதத்தில் முதலில் இரக்கம்தான் இருந்தது. அது அடுத்த மூச்சிலேயே கோபமானது. "கண் தெரியாமலா புள்ளைகள்ற சாமானுக்குக் கை வச்சீங்க? முதலே சொல்லியிருந்தா நாங்க வேற இடம் பாத்திருப்பமே!"

மச்சான் தலையைக் குனிந்தார். "பிழை என்னிலதான் சேர்" என்றார்.

நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்று எனக்குத் தெரியாது. முழங்கை வரை எண்ணெய். முக்காட்டில் அலுமினியத் தூள். இந்தக் கோலத்தில் அந்நிய ஆண்களுக்கு முன்னால் வாழ்க்கையில் நான் நின்றதில்லை. "அவரை ஏசாதீங்க சேர். நான்தான் செஞ்சன். இஞ்ச எல்லா வேலையும் நான்தான் செய்றன்."

இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டேன், இனி பூமி இரண்டாகப் பிளக்கும் என்று நினைத்தேன். ஆசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார்.

"என்ன காக்கா, மனுசிய முன்னுக்கு விட்டுட்டுத் தப்பப் பாக்கிறீங்களா?"

தோணிக்காரர் நிலத்தைப் பார்த்தார். மச்சானின் முகம் எப்படிப் போனது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவரைக் காப்பாற்ற வந்தேன். வந்து, பொண்டாட்டியின் பின்னால் ஒளிகிற மனிதர் என்ற பெயரையும் சேர்த்து வாங்கிக் கொடுத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் திரையைப் பிடித்து இழுத்தேன்; கம்பியோடு கழன்று கீழே விழுந்தது. வளையத்தைக் கழற்றித் தரச் சொல்லிப் பிள்ளையிடம் கையை நீட்டினேன். அவள் ஆசிரியரைக் கேட்காமலே கழற்றித் தந்தாள்.

பெரிதாகப்போன ஓட்டையைச் சின்னதாக்க முடியாது. அதை இன்னும் பெரிதாக்கி, உள்ளே ஒரு நைலோன் வளையத்தை இறுக்கி அடித்து இறக்கி, அந்த நைலோனைச் சரியான அளவுக்குத் திரும்பக் கடைய வேண்டும். நைலோன் எங்களிடம் இருக்கவில்லை. தோணிக்காரர் மடியில் இருந்த கட்டையை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். "எடுங்க ராத்தா, என்ட தோணி எங்கயும் போகாது" என்று தூக்கித் தந்தார்.

லேத்தைப் போட்டேன். வாசல் திறந்தே கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள், பக்கத்து வீட்டு மச்சி, பாண்காரன்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு கண்ணும் என் முதுகில் ஊர்ந்தது. கை கொஞ்சம் பிசகினாலும் நைலோன் பிய்ந்து வரும் என்பதால் கட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் தட்டை உள்ளே இறக்கினேன். பிள்ளையிடம் அந்த நூலைக் கேட்டு வாங்கி, தட்டுக்கும் நைலோனுக்கும் நடுவில் விட்டு இழுத்தேன். பிடித்துப் பிடித்து, ஆனால் அறாமல் வந்தது. பிள்ளை தட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அன்ரி!" என்று கத்திக்கொண்டு என் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆசிரியர் கூச்சத்தோடு, "குறை நினைக்காதீங்க, எனக்குத் தெரியாது" என்றார். இதையெல்லாம் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். அவ்வளவு நேரமும் மச்சான் எங்களுக்கு முதுகைக் காட்டித் தெருப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிக்கொண்டுதான் எல்லாரும் என்னோடு கதைத்தார்கள். போகும்போதும் எனக்குத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கொழும்பில் கழுத்து ஒழுங்காகத் திரும்பியதாம். இரண்டாம் சுற்றில் சில்லைச் சுற்றுகிற மோட்டர் எரிந்து தோற்றார்களாம். ஆசிரியர் பிறகு போனில் சொன்னார். என் வேலையால் தோற்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல், அவ்வளவுதான்.

அவர்கள் ரோபோவோடு எங்கள் வீட்டிலிருந்து போன அன்று பின்னேரமே மச்சானுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய காலடியில் இருந்து அழுதேன்.

"மன்னிச்சிருங்க மச்சான். உங்கட மானத்தக் காப்பாத்த ஏலாமப் போச்சு."

"என்ட மானமா?" என்றார். கோபமில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். "கண்ணு கெட்டுப்போனது நான் களவெடுத்த சாமானா, ஒளிச்சு வைக்கிறதுக்கு?"

"தெரிஞ்சா ஆக்கள் வரமாட்டாங்க எண்டுதானே…"

"ஆர் சொன்ன? நான் சொன்னனா? நீ லேத்தப் புடிச்ச புதுசில கேட்டன், 'ஆக்களிட்டச் சொல்லிருவமா, இப்ப நீதான் செய்றாய் எண்டு?' நீதான், 'ஐயோ வேணாம் மச்சான், லேத்காரி எண்டு பேர் வச்சிருவாங்க, நான் கலியாண வீட்டுக்கும் போக ஏலாது' எண்டு அழுத. அதுக்காகத்தான் புள்ள நான் அந்தக் கதிரையில பொம்ம மாதிரிக் குந்திக்கிட்டு இரிந்தன். நான் ஒளிச்சது என்ட கண்ண இல்ல. உன்ட கைய."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அழுதது உண்மைதான். அழுத இடம்கூட நினைவுக்கு வந்தது: குசினி வாசலில் நின்று அழுதேன், அவர் என் தலையைத் தடவி, சரி சரி என்றார். அதை அப்படியே மறந்துவிட்டு, அவருடைய மானம், அவருடைய மானம் என்று நான் தஸ்பீஹ் மணி உருட்டாத குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். கண் தெரியாத மனிதரை எனக்குத் திரையாகத் தொங்கவிட்டுவிட்டு, தியாகம் செய்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருக்கிறேன். சபை நடுவில் காற்றைப் பிடித்து நின்ற அந்த அவமானம் எனக்கு வந்திருக்க வேண்டியது. எனக்காகத்தான் அவர் அதில் போய் நின்றார்.

"இனி ஒளிக்க மாட்டன்" என்று சொன்னேன். சத்தியமாகத்தான் சொன்னேன்.

"பாப்பம்" என்றார். ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

அடுத்த நாள் காலை லேத்தடியில் நின்றேன். திரை இல்லாததால் கொட்டில் வெளிச்சமாக இருந்தது. செங்கலடிப் பக்கத்து வயல் வட்டையிலிருந்து ஒரு இளம் ஆள், உழவு மெசின் புல்லியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். எனக்குத் தெரியாத முகம். நேற்று நடந்த ஒன்றும் அவன் காதுக்குப் போயிருக்காது.

"காக்கா இரிக்காரா?" என்று கேட்டான். "லேத் வேலை ஒண்டு இரிக்கி."

நான் லேத்தை நிறுத்தினேன். வாசலுக்கு வந்தேன். அவன் என் கைகளைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். என் கைகள் இரண்டும் தாமாகவே முக்காட்டுக்குள் போய்விட்டன.

"அவர் இல்ல தம்பி" என்று என் வாய் சொன்னது. "டவுனுக்குப் போயிட்டார். பிறகு வாங்க."

பின்னால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது. மச்சான் நிலைக்கதவைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"நான் இஞ்சதான் இரிக்கன் தம்பி" என்றார். "வேலை செய்றவதான் இல்லையாம்."